ஏழு கிலோவில் எத்தனை புத்தகம்

வெளிநாட்டுக்குக் கிளம்புகிறோம் என்று சொன்னால் நம் ஊரில் கிடைக்கும் யோசனைகளில் முக்கால்வாசி சாப்பாட்டைப் பற்றியதாக இருக்கும். பருப்புப்பொடி எடுத்துக்கோ, புளிக்காய்ச்சல் கெட்டுப்போகாது, ரவா உப்புமா மிக்ஸ் இருந்தால் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளலாம். படிக்க என்ன எடுத்துப் போகிறாய் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்கிற சிலரும் ஒரே பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள்: போகிற ஊரைப் பற்றி ஏதாவது எடுத்துப் போ. ஜப்பான் என்றால் தி. ஜானகிராமனின் ‘உதயசூரியன்’. துருக்கி என்றால் ஓரான் பாமுக். ரஷ்யா என்றால் சொல்லவே வேண்டாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை.

ஒரு நாவலை முதல்முறை படிக்கும்போது அதன் ஊரை நாமே கட்டிக்கொள்கிறோம். எழுதியவர் நாலு சுவரும் ஒரு சன்னலும் கொடுப்பார். மிச்சத்தை நாம் பார்த்த ஊர்களிலிருந்து எடுத்து ஒட்டுப்போட்டுக்கொள்வோம். நான் மதுரையில் இருந்தபடி கட்டிய பீட்டர்ஸ்பர்க்கில் தெற்கு மாசி வீதியின் குறுகலான மாடிப்படி ஒன்று இருக்கிறது. ரஷ்ய நாவலின் நாயகன் ரஸ்கோல்னிகோவ் இத்தனை வருடமாக அதில்தான் ஏறி இறங்குகிறான். அவனுக்கும் எனக்கும் அதில் ஒரு குறையும் இல்லை. அந்த ஊரிலேயே உட்கார்ந்து முதல்முறையாகப் படித்தால் இந்தக் கட்டுமானம் நடக்காது. எதிரே அசல் நிற்கிறது. வவுச்சரையும் லெட்ஜரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடிட்டர் டிக் அடிக்கிற மாதிரி, இந்தப் பாலம் அந்தப் பாலம்தானா, நாலாம் அத்தியாயத்துச் சந்து இதுவா என்று சரிபார்க்க ஆரம்பித்துவிடுவோம். பணிக்காலம் முழுவதும் வங்கியில் இருந்தவள் என்பதால் எனக்கு அந்த வியாதி கொஞ்சம் கூடுதல். கணக்கு நேராகிவிடும், கதை அங்கேயே நின்றுபோகும்.

ஆகவே என் கட்சி இது: போகிற ஊரைப் பற்றிய புத்தகத்தை வீட்டிலேயே படித்துவிட வேண்டும், முடிந்தால் சில வருடங்களுக்கு முன்பே. அங்கே தூக்கிப் போவது இரண்டாம் வாசிப்புக்கு. புதிதாக ஒன்று படித்தே ஆக வேண்டும் என்றால் அது வேறு ஏதோ ஊரைப் பற்றியதாக இருக்கட்டும்.

இந்தக் கட்சியில் என்னைச் சேர்த்துவிட்டவள் அம்மா என்றுகூடச் சொல்லலாம். விகடனில் மணியன் எழுதிய ‘இதயம் பேசுகிறது’ பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பச்சைக் காலிகோ அட்டை போட்டு பைண்டு பண்ணி வைத்திருந்தாள். இடையிடையே விளம்பரங்கள், துணுக்குகள், பாதியில் அறுபட்ட வேறு யாருடைய சிறுகதையோ. மணியன் எழுத்தில் சாப்பாடு அதிகம் என்று கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. அம்மாவுக்குப் பிடித்ததே அதுதான். வடக்கே திருப்பதியைத் தாண்டாத அவள் ஐரோப்பாவில் எங்கே குளிரும், எங்கே நடக்க வேண்டியிருக்கும் என்றெல்லாம் அடுத்த வீட்டுக்காரிக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். அதற்கும் வெகுகாலம் முன்பே, 1940இல், ஏ.கே. செட்டியாரின் ‘உலகம் சுற்றும் தமிழன்’ வந்துவிட்டது. காந்தி பற்றிய ஆவணப்படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்து படச்சுருள் சேர்த்தவர் அவர். அந்தப் புத்தகத்தைக் கப்பலில் உட்கார்ந்து படித்தவர்களைவிடத் திண்ணையில் உட்கார்ந்து படித்தவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள். பயண நூல்கள் போகாதவர்களுக்காக எழுதப்படுபவை. போகிறவர்களுக்கு வரைபடமும் குடையும் போதும்.

இஸ்தான்புல்லுக்குப் போனபோது இதை ஓரளவு சோதித்துப் பார்த்தேன். பாமுக்கின் ‘இஸ்தான்புல்’ நூலை ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில் ஓர் அக்னி நட்சத்திரத்தில் படித்திருந்தேன். வெளியே தார் உருகிக்கொண்டிருக்க, உள்ளே பாஸ்பரஸ் நீரிணை மேல் பனி பெய்துகொண்டிருந்தது. அந்த ஊர் எனக்குள் கறுப்பு வெள்ளையில் பதிந்துவிட்டது. நேரில் பார்த்தால் ஒரே வெயில், நீல வானம், கூட்டம். ஏமாற்றமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. கறுப்பு வெள்ளை ஊர் ஒன்று, கலர் ஊர் ஒன்று, இரண்டும் தனித்தனியாக என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அங்கே நான் படித்தது ‘மோகமுள்’. எமினோனுவில் படகு ஏறினால் காடிகோய் போய்ச் சேர அரைமணிக்குள்தான். இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடிக் குவளையில் தேநீர் கொண்டுவருவார்கள். ஒரு கையில் தேநீர், மடியில் கும்பகோணம். கடல்காகங்கள் கத்தும் சத்தத்துக்குள் அந்தக் கும்பகோணத்து நாவலில் வரும் ரங்கண்ணாவின் தம்புராவைக் கேட்க முயல்வது வேடிக்கையான காரியம். ஆனால் கேட்டது. கும்பகோணம் எதிரே இல்லாததால்தான் கேட்டது என்று இன்றும் சொல்வேன்.

பாமுக்கின் இன்னொரு புத்தகத்தையும் அந்தப் பயணத்தில் தூக்கிப் போனேன், படிக்க அல்ல. ‘த மியூசியம் ஆஃப் இன்னொசன்ஸ்’ நாவலை எழுதும்போதே அதன் பாத்திரங்கள் பயன்படுத்திய பொருட்களையெல்லாம் அவர் சேகரித்துக்கொண்டிருந்தார். சுக்குர்ஜுமா என்ற பகுதியில் ஒரு பழைய வீட்டை வாங்கி, 2012இல் அவற்றை அருங்காட்சியகமாகவே திறந்துவிட்டார். நாவலில் 83 அத்தியாயங்கள். கண்ணாடிப் பெட்டிகளும் அந்தக் கணக்கிலேயே. கதாநாயகி பிடித்துப் போட்ட சிகரெட் துண்டுகள் 4,213, ஒவ்வொன்றையும் ஊசியில் குத்தி ஒரு சுவர் முழுக்க நிறுத்தியிருக்கிறார்கள். நாவலின் கடைசி அத்தியாயத்தில் ஒரு நுழைவுச்சீட்டு அச்சாகியிருக்கிறது. புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் அதில் முத்திரை குத்தி இலவசமாக உள்ளே விடுவார்கள். ஐந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட அந்தப் புத்தகத்தை இவர், என் கணவர், கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இந்த வெயிட்டுக்கு டிக்கெட்டே வாங்கியிருக்கலாம்” என்றார். அது சரிதான். ஆனால் டிக்கெட்டை நான் ராத்திரி எடுத்துத் திரும்பப் புரட்ட முடியாதே. அந்த முத்திரையை இங்கே யார் வந்தாலும் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

பினாங்குக்கு வருகிறேன். மகனுக்கு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் எங்களுக்கு அந்தத் தீவில் ஒரு விடுமுறை வாய்த்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் எங்கள் வீட்டுக் கூடத்தில் கொக்கித் தராசு தொங்கிக்கொண்டிருந்தது. கைப்பைக்கு ஏழு கிலோ, அதற்கு மேல் ஒரு குண்டூசி கூடாது என்பது மலிவு விமானங்களின் சட்டம். பெட்டியில் போடும் சாமான்களுக்குத் தனிக் காசு கட்டியிருந்தோம். அதையும் மகனுக்கான வத்தல், வடகம், சத்துமாவு, அப்பளக்கட்டு எல்லாம் பிடித்துக்கொண்டுவிட்டன.

“ஏழு கிலோவுல ரெண்டு கிலோ புஸ்தகமா? உடுத்திக்க என்னத்த எடுத்துட்டு வரப்போற?” இவர் பையைத் தூக்கிப் பார்த்தார்.

“அங்க மெஷின் இருக்குங்க. துவைச்சுத் துவைச்சுக் கட்டிக்கலாம். புஸ்தகத்தத் துவைச்சா படிக்க முடியும்?”

மகன் அந்தப் பக்கம் வீடியோ காலில் சிரித்தான். “அம்மா, போன்லயே அத்தனையும் வச்சுக்கலாம்மா. நூறு புஸ்தகம் போட்டுத் தர்றேன்.” போட்டும் தந்தான். நூறு புத்தகம் கையில் இருந்தால் எதைப் படிப்பது என்பதிலேயே பொழுது போய்விடுகிறது. ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு பக்கம் படித்தேன். விமானத்தில் காலை மடக்கி உட்கார்ந்த பிறகு வேறு வழியே இல்லாமல் ஒரு புத்தகம் கையில் இருக்க வேண்டும். சில நல்ல நாவல்களை அப்படி வேறு வழியில்லாமல்தான் முதல் நூறு பக்கம் தாண்டியிருக்கிறேன். ‘பின்தொடரும் நிழலின் குரல்’ அதில் ஒன்று.

பினாங்குக்கு என்ன எடுத்துப் போவது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ இரண்டும் சேர்ந்து வந்த தொகுதி. முன்னதன் கதை பினாங்கில் நடப்பது. பின்னது மெடானில் தொடங்கி, மலாக்கா நீரிணையைத் தாண்டிப் பினாங்குக்கு வருவது. சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். 1938இல், பதினெட்டு வயதில், மெடானில் ஒரு வட்டிக்கடைக்கு வேலைக்குப் போனார். போர் முடிந்து 1946இல் திரும்பினார். பிறகு மதுரையில் தினத்தந்தியில் வேலை, ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஓர் அறை, 1997இல் சாகும்வரை ஏறக்குறைய அவ்வளவுதான் வாழ்க்கை. ‘புயலிலே ஒரு தோணி’யை எழுதி முடித்த பிறகு அது அச்சேறப் பத்து வருடம்போல ஆனது. 1972இல் வந்தது, அதே வருடம்தான் பினாங்கில் இன்டெல் ஆலையும் தொடங்கியது என்பதை மகனிடம் சொன்னபோது அவனுக்கு இரண்டாவது தகவல் மட்டும் சுவாரசியமாக இருந்தது.

அந்த நாவலை நான் முதலில் படித்தது திருமணமான புதிதில். அப்போது நான் கட்டிய மெடானில் டவுன்ஹால் ரோட்டு லாட்ஜுகளும், காரைக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பார்த்த வளவும் பட்டாலையும் இருந்தன. செட்டியார்களின் கடல்கடந்த வட்டிக்கடைப் பேச்சு எனக்கு அன்றே பிடித்துப்போனது. முதலாளி ஊரில் இருப்பார், மேலாள் இங்கே கடையை நடத்துவார், அவருக்குக் கீழே அடுத்தாள், அவனுக்கும் கீழே பெட்டியடிப் பையன். கிட்டங்கி என்பது நீளமான ஒரே கூடம். அதில் பல கடைகள், ஒவ்வொன்றுக்கும் தரையில் ஒரு பெட்டி, ஒரு மேசைப்பலகை, ஒரு பாய் அளவு இடம். பகலில் கடை, ராத்திரி படுக்கை. பேரேடு, ஐந்தொகை என்று அவர்கள் வைத்திருந்த கணக்கு முறையை வங்கித் தேர்வுக்குப் படித்த எனக்குப் படிக்கப் படிக்க மரியாதை வந்தது. நாங்கள் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு மார்ச் 31 ராத்திரி பட்ட பாட்டை அவர்கள் ஒரு கைப்பெட்டியோடு முடித்திருக்கிறார்கள்.

ஜார்ஜ் டவுனில் பினாங்கு ஸ்திரீட்டில் நடந்தேன். நம் ஆட்கள் அதைச் செட்டித் தெரு என்றே சொல்லிவந்தார்கள். இப்போது நகைக்கடை, பூக்கடை, காசு மாற்றும் கடை, ஸ்பீக்கரில் இளையராஜா. 2008இல் யுனெஸ்கோ இந்த நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு சுவர்களுக்கெல்லாம் புதுச் சுண்ணாம்பு. ‘கடலுக்கு அப்பால்’ செல்லையா இந்தத் தெருவில்தான் அடுத்தாளாக இருந்தான். நேதாஜி படையில் சேர்ந்து துப்பாக்கி பிடித்துவிட்டுத் திரும்பி வந்தவனுக்கு, முதலாளி தன் மகள் மரகதத்தைக் கொடுக்க மாட்டேன் என்கிறார். சண்டைக்குப் போய் வந்தவன் கடைக்கு ஆக மாட்டான் என்பது அவர் கணக்கு. இளவயதில் படித்தபோது அந்தப் பெரியவர் மேல் கோபம் வந்தது. செட்டித் தெருவில் ஒரு காபிக் கடையில் திரும்பப் படித்தபோது எனக்கு அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் தெரிந்தது. தெருவைப் பார்த்ததால் வந்த ஞானம் இல்லை இது. எனக்கும் வளர்ந்த பிள்ளை இருக்கிறான். இரண்டாம் வாசிப்பில் ஊரைவிட நம்மைத்தான் அதிகம் சரிபார்க்கிறோம் போலிருக்கிறது.

அந்தத் தீவில் வேறொரு புத்தகத்தோடு நடப்பவர்களும் இருக்கிறார்கள். கடலோரத்தில் 1885இல் கட்டிய ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஹோட்டலில் சாமர்செட் மாம் தங்கியதுண்டு. வெள்ளைக்காரப் பயணிகள் கையில் மாமின் மலாயாக் கதைகளையோ, பினாங்கிலேயே பிறந்த டான் ட்வான் எங்கின் நாவலையோ பார்க்கலாம். எனக்கு மாம் கல்லூரிப் பாடத்தில் பழக்கம். பினாங்கில் அவரை வாங்கிய இடம்தான் விசேஷம். சௌராஸ்தா சந்தையில் கீழே ஜாதிக்காயை உப்பிலும் சர்க்கரையிலும் ஊறப்போட்டு விற்பார்கள். மீன் வாடையும் வரும். மாடிக்குப் போனால் பழைய புத்தகக் கடைகள், கூரை முட்ட அடுக்கு. அங்கே ஒரு சீனப் பெரியவரிடம் மாமின் சிறுகதைத் தொகுதி ஒன்று வாங்கினேன். நெஞ்சுயரப் புத்தகக் குவியலுக்கு நடுவே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் திரும்பியே பார்க்காமல் முதுகுக்குப் பின்னாலிருந்து உருவிக் கொடுத்தார். அட்டை ஜாதிக்காய் மணத்தது.

அதில் ‘த புக் பேக்’ என்று ஒரு கதை. இதுவும் படித்ததுதான், ஆனால் அதன் தொடக்கம் மறந்திருந்தது. படிக்காமல் இருக்க முடியாதவர்கள் அபின்காரர்களைப் போல என்கிற ரீதியில் ஆரம்பிக்கும். கதைசொல்லி ஒருமுறை ஜாவாவின் மலையூர் ஒன்றில் நோய்வாய்ப்பட்டு மூன்று மாதம் படுத்துவிடுகிறான். கொண்டுபோன புத்தகங்கள் தீர்ந்துபோகின்றன. டச்சு தெரியாது. பள்ளிப் பிள்ளைகளுக்கான பிரெஞ்சு, ஜெர்மன் பாடப் புத்தகங்களை வாங்கிப் படித்துப் பொழுதை ஓட்டுகிறான். அதற்குப் பிறகு அழுக்குத்துணி போடும் சாக்குகளிலேயே மிகப் பெரியதாக ஒன்றை வாங்கி, எந்த மனநிலைக்கும் ஒரு புத்தகம் என்று வாய்வரை நிரப்பி, எங்கே போனாலும் கொண்டுபோகிறான். பலசாலிக் கூலியாட்களும் அதன் கனத்தில் தள்ளாடுவார்கள் என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறான்.

எனக்குக் கண் அந்தக் கூலியாட்கள் மேல் போய் நின்றது. மாமின் மலாயாவில் நம் ஆட்கள் அப்படித்தான் வருவார்கள்: மூட்டை தூக்குவார்கள், பால்மரம் வெட்டுவார்கள், கதவைத் திறந்துவிடுவார்கள், வாய் திறக்க மாட்டார்கள். பங்களா வராந்தாவில் வெள்ளைக்காரர்கள் ஜின் குடித்துக்கொண்டு ஒருவர் மனைவியை ஒருவர் காதலித்துச் சுட்டுக்கொள்வார்கள். அதே நீரிணை, ஏறக்குறைய அதே காலம். சிங்காரத்தில் நம் ஆட்கள் வாயை மூடுவதே இல்லை. குடிக்கிறார்கள், வட்டிக் கணக்குப் பேசுகிறார்கள், மலாயும் டச்சும் சீனமும் கலந்து திட்டுகிறார்கள், தமிழின் பழம்பெருமையைத் தாங்களே கிண்டலடித்துச் சிரிக்கிறார்கள். மாம் கைதேர்ந்த கதைக்காரர், அதில் சந்தேகமில்லை. ஒரு கதையை அவர் முடிக்கிற விதத்தை இன்றும் ரசிக்கிறேன். ஆனால் பினாங்குக்கு ஒரே ஒரு புத்தகம்தான் என்றால், மூட்டையைத் தூக்கியவர்கள் பக்கமிருந்து எழுதியதைத்தான் எடுப்பேன். நமக்குக் கூலியாளும் கிடையாது, ஏழு கிலோதான்.

பினாங்கிலிருந்து மெடானுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. முன்பு பெலாவான் துறைமுகத்துக்குப் பயணிகள் படகு ஓடியது. நாங்கள் போனபோது அது நின்றுபோயிருந்தது. மகனுக்கு லீவு இல்லை, நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். “அங்க பாக்க என்ன இருக்கு?” என்று இவர் கேட்டதற்கு, “பாண்டியன் இருந்த ஊருங்க” என்றேன். “யாரு, உங்க பேங்க் பாண்டியனா?” என்றார்.

பாண்டியன் நாயகனாக வரும் ‘புயலிலே ஒரு தோணி’ மெடானுக்குள் ஜப்பானியப் படை நுழைவதில் தொடங்குகிறது. வரலாற்றில் அது 1942 மார்ச். முதல் அத்தியாயத்தில் கெர்க் ஸ்ட்ராட் என்கிற தெருவில் கொள்ளையும், அதற்கு ஜப்பானியர் கொடுத்த தண்டனையும் நடக்கும். வெட்டிய தலைகளை மேசை மேல் வைத்துவிட்டுப் போவார்கள். டச்சுக்காரர்கள் வைத்த தெருப்பெயர்கள் விடுதலைக்குப் பிறகு மாறிவிட்டன. விடுதியில் வரவேற்பில் இருந்த பிள்ளை நான் சொன்ன பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். கெசாவான் பகுதி மட்டும் பெயர் மாறாமல் இருக்கிறது. புகையிலைத் தோட்டப் பணத்தில் எழுந்த பழைய கட்டடங்கள், சோங் ஆ ஃபீ என்ற சீனச் செல்வந்தரின் பெரிய வீடு. அந்த வீட்டைப் பார்த்தபோது இவர் முதல்முறையாக, “வந்தது சரிதான்” என்றார். மாரியம்மன் கோவில் 1884இல் கட்டியது. அர்ச்சகர் தமிழ் பேசினார், கூட்டத்தில் நின்ற இளம்பிள்ளைகள் தங்களுக்குள் இந்தோனேசிய மொழியில் பேசிக்கொண்டார்கள்.

கெசாவானில் டிப் டாப் என்று ஒரு உணவகம். 1934இல் தொடங்கியது, இன்னமும் நடக்கிறது. சிங்காரம் இந்த ஊரில் வந்து இறங்கியபோது இது இங்கே இருந்தது. வட்டிக்கடைப் பையன் உள்ளே நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பானா என்பது வேறு கேள்வி. நாங்கள் தெருவைப் பார்த்த மேசையில் உட்கார்ந்தோம். இவர் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டார். நான் முதல் அத்தியாயத்தைத் திறந்தேன். வாசலில் ஒரு பெச்சா நின்றது, நம் ஆட்டோ மாதிரியே தெருவையெல்லாம் தன்னுடையதாக நினைத்துக்கொண்டு.

இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மெடானின் அடையாளம் தேடி வந்தவளுக்கு நாவலில் அடுத்தடுத்து மதுரையாக வந்துகொண்டிருந்தது. முதலில் படித்தபோது அந்தப் பக்கங்களை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. நம் ஊர்தானே என்று கண் ஓடிவிட்டது. பாண்டியன் மெடானில் உட்கார்ந்துகொண்டு சின்னமங்கலத்துச் சந்தையை நினைக்கிறான், வண்டிகளை, வியாபாரிகளை, சாமான்களை ஒன்று விடாமல். மதுரைத் தெருக்களை நினைக்கிறான், கண்ணியமானவற்றையும் அல்லாதவற்றையும். நினைப்பை நிறுத்தவே அவனால் முடியவில்லை. கெசாவானில் ஐஸ்கிரீம் கடையில் நான் அவனோடு மாசி வீதிகளில் நடந்துகொண்டிருந்தேன். கண்ணை எடுத்தால் மெடான். திரும்பக் கவிழ்ந்தால் மதுரை, அதுவும் நான் பிறப்பதற்கு முந்தைய மதுரை. வெளியூரில் படிக்க வேறு ஊரைப் பற்றிய புத்தகம் வேண்டும் என்ற என் பழைய கட்சிக்கும், அந்த ஊரைப் பற்றியே படி என்கிற எதிர்க்கட்சிக்கும் இந்த ஒரு நாவல் ஒரே நேரத்தில் ஓட்டுப் போட்டுவிட்டது. கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள் எழுதிய புத்தகங்களுக்கு மட்டும் இது சாத்தியமோ என்னவோ. மாமுக்கு இது தேவைப்படவில்லை. அவர் திரும்பிப் போக முதல் வகுப்புச் சீட்டு இருந்தது.

திரும்பும் விமானத்தில் தொங்கான் பயணப் பகுதியை எடுத்தேன். சுமத்ராக் கரையிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு பினாங்குக்குக் கிளம்பும் பாய்மரக் கப்பல். நீரிணையில் புயல் பிடித்துக்கொள்கிறது. தமிழில் கடலை அந்த அளவுக்கு யாரும் எழுதிவிட்டதாக நான் நினைக்கவில்லை. வாக்கியங்களே உடைந்து உடைந்து அலை மாதிரி அடிக்கும். அதே நீரிணைக்கு மேலே பணிப்பெண் தண்ணீர் விற்றுக்கொண்டு போனாள். கீழே பார்த்தேன்: ஈயத்தகடு மாதிரிக் கடல், பொட்டு அளவில் இரண்டு சரக்குக் கப்பல். பெல்ட்டைப் போடச் சொன்னார்கள். தொங்கான் இன்னும் புயலில்தான் இருந்தது, பாய் கிழிந்து, பயணிகள் எதையெதையோ பிடித்துக்கொண்டு தொங்க. எங்கள் விமானம் தரைதொட்டுவிட்டது. குடிநுழைவு வரிசையில் நின்றபடி அவர்களையும் கரை சேர்த்தேன். பின்னால் நின்றவர் இரண்டு தடவை என்னை முன்னால் தள்ள வேண்டியிருந்தது.

இவ்வளவு நேரமும் இவர் என்ன படித்துக்கொண்டிருந்தார் என்று கேட்பீர்கள். ராஜேஷ்குமார். ரயில் நிலையக் கடையில் பழைய பாக்கெட் நாவல்களாகப் பொறுக்கிக் கட்டி எடுத்து வருவார். கிளம்பும்போது எடை இருக்கும், ஊர் ஊராக விட்டுக்கொண்டே வருவதால் திரும்பும்போது இருக்காது. விடுமுறைக்கு என்ன படிப்பது என்ற விஷயத்தில் அவருக்கு இதுவரை ஒரு குழப்பமும் வந்ததில்லை. மேலும் கொலைகாரன் யார் என்பதை எனக்குச் சொல்லிவிட்டுத்தான் தூங்குவார் என்பதால் பாதிப் புண்ணியம் எனக்கும் சேர்ந்துவிடும்.

பினாங்கில் கடைசி இரண்டு நாள் கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன விடுதியில் தங்கினோம். வரவேற்பறையில் ஒரு அலமாரி; தங்குகிறவர்கள் படித்ததை வைத்துவிட்டு வேண்டியதை எடுத்துப் போகலாம். டச்சு, ஜெர்மன், ஸ்வீடிஷ் துப்பறியும் நாவல்கள், ஊதிப்போன தாள்களோடு. இவர் தன் பாக்கெட் நாவலை அவற்றுக்கு நடுவே செருகினார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

“அதுல கடைசித் தாள் இல்லைங்க.”

“எங்க போச்சு?”

“மெடான்ல கழண்டு விழுந்துச்சு. அடையாளத்துக்கு வச்சுருந்தேன்.”

“தமிழ் தெரிஞ்சவன் எவன் வரப்போறான்?” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பல மாதம் கழித்து மகன் அந்தப் பக்கம் போனபோது, நான் சொல்லியிருந்ததால் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறான். “அப்பா புஸ்தகம் இல்லம்மா, யாரோ எடுத்துட்டாங்க. அந்த எடத்துல ஒரு டச்சு சமையல் புஸ்தகம் இருக்கு” என்றான். அதைக் கேட்டதும் அலமாரிக்குப் போய் சிங்காரத்தை எடுத்துப் பிரித்தேன். தொங்கான் பக்கத்தில் அந்தத் தாள் அப்படியே இருந்தது. உலகத்தில் எங்கேயோ ஒரு தமிழர் இருநூறு பக்கம் படித்துவிட்டு என்னைத் திட்டிக்கொண்டிருப்பார். அவர் எப்போதாவது மதுரைப் பக்கம் வந்தால் சொல்லிவிடுகிறேன்: அந்தத் தம்பி மேல் சந்தேகப்பட வேண்டாம், விஷம் வைத்தது டாக்டர்.